அடிவயிற்றுத் தசையும் நம்ம இடுப்பு வலியும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் மல்லாங்கிணறு குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டுல இருக்கிறவ. சீசன் நேரத்துல பட்டாசு ஆபீஸ் வேன்ல போவேன், மத்த நாள்ல வீடு, மாடு, பிள்ளைங்கன்னு பொழுது போயிடும். மைக்கைப் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை. கை நடுங்குது. தப்பு வந்தா பொறுத்துக்கோங்க.

கடன் திருப்புறது, புத்தகம் எழுதுறது, தொழில் பண்ணுறது இதையெல்லாம் பேச இங்க நிறைய பேர் இருக்கீங்க. என்னை இடுப்பு வலியைப் பத்திப் பேசச் சொன்னாங்க. பேசுறதுக்கு முன்னால ஒண்ணு கேட்கிறேன். இங்க இருக்கிறவங்கள்ல இடுப்பு வலியே வந்ததில்லைன்னு சொல்றவங்க மட்டும் கை தூக்குங்க பார்ப்போம்.

நாலஞ்சு கைதான் தெரியுது. அதுவும் கல்யாணமாகாத பிள்ளைங்க கை. அப்ப நான் பேச வேண்டிய விஷயத்தைத்தான் பேச வந்திருக்கேன்.

முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால நம்ம குழுவுல ஆடு வாங்கணும்னு சொல்லி 15,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். தீர்மான நோட்டுல "ஆடு வளர்ப்பு"ன்னு எழுதியிருக்கு, என் கையெழுத்தும் இருக்கு. ஆடு எங்கேன்னு எங்க ஊக்குநர் அக்கா கேட்டப்ப, அம்மா வீட்டுல கட்டியிருக்கேன்னு சொன்னேன். அக்கா, அங்க ஆடு இல்லை. எங்கேயுமே ஆடு இல்லை. அந்தப் பணம் பூரா என் இடுப்புக்குத்தான் போச்சு. தவணையை ஒரு மாசம் கூடத் தவறாம கட்டி முடிச்சிட்டேன். ஆனாலும் பொய் சொன்னது சொன்னதுதான். இத்தனை பேர் முன்னால மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.

ஏன் பொய் சொன்னேன்னா, இடுப்பு வலிக்குக் கடன் கேட்க வெட்கம். பொம்பளைன்னா இடுப்பு வலிக்கத்தான் செய்யும், அதுக்கு ஒரு கடனான்னு கேட்டிருவாங்களோன்னு பயம். இன்னொரு காரணமும் இருந்துச்சு. அதையும் சொல்லிடறேன். ரெண்டாவது பிள்ளை பிறந்ததுக்கு அப்புறம் இருமினா, தும்மினா, சத்தமா சிரிச்சா எனக்கு ஒண்ணுக்கு கசிஞ்சிடும். ஒரு தடவை ஆபீஸ் வேன்லயே ஆகிப்போச்சு. அன்னிக்கு வேன்ல இருந்து கடைசி ஆளா இறங்கினேன். அதுக்கப்புறம் வேலைக்குப் போகலை, விசேஷ வீட்டுக்குப் போகலை. யாராவது சிரிப்புக் காட்டினா எழுந்து உள்ளே போயிடுவேன். எங்க வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லலை. இங்க சிரிக்கிறதை நிறுத்திட்டுக் கீழே பார்க்கிற சில பேரை நான் பார்க்கிறேன். உங்களுக்காகத்தான் சொல்றேன்.

எனக்கு முதல் பிள்ளை சுகப் பிரசவம். ரெண்டாவது ஆபரேஷன், அதோட குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிட்டாங்க. பிள்ளைக்கு ஏழு மாசம் இருக்கும்போது வலி பிடிச்சது. தண்ணிக் குடத்தைத் தூக்கினா நிமிர முடியாது. தரையில உட்கார்ந்தா சுவரைப் பிடிச்சுத்தான் எழுந்திருப்பேன். வெளியூர்ல ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன். ஊசி போட்டாங்க, மாத்திரை கொடுத்தாங்க, இடுப்புல போட பெல்ட் கொடுத்தாங்க. ஒரு மாசம் படுத்தே இருன்னாங்க. மூணு தடவை போனதுல ஆட்டுக்கடன் கரைஞ்சது. அந்த மூணு தடவையும் என் வயித்துல யாரும் கை வச்சுப் பார்க்கலை. இடுப்பு வலிக்கு ஏன் வயித்தைப் பார்க்கணும்னு அப்ப எனக்கும் தெரியாது.

எனக்கு வழி காட்டினது நம்ம குழுப் பொம்பளைதான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்கினாங்கன்னு உங்களுக்குத் தெரியும். பிரஷர், சுகர் மாத்திரையை வீடு தேடிக் கொண்டு வந்து கொடுக்கிற அந்தத் தன்னார்வலர்கள் யாரு? மகளிர் குழுவுல இருந்து எடுத்த நம்ம பிள்ளைங்கதான். எங்க அத்தைக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை, ஒரு கால் விழுந்து போச்சு. பிரஷர் பார்க்க வந்த அந்தத் தங்கச்சிதான், இந்தத் திட்டத்துல பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கு வருவாங்கன்னு சொல்லி எழுதிக் கொடுத்துச்சு.

வந்தவங்களும் ஒரு பொம்பளைதான். அத்தைக்குக் கை கால் அசைக்கச் சொல்லிக் கொடுத்தாங்க. மூணாவது தடவை வந்தப்ப, நான் தரையில இருந்து சுவரைப் பிடிச்சு எழுந்ததைப் பார்த்துட்டு, "உங்களுக்கு எத்தனை நாளா இப்படி?"ன்னாங்க. நான் ஒண்ணுமில்லைன்னேன். பேச்சே சரியா வராத எங்க அத்தை, படுத்த படுக்கையில இருந்து, "பொய்... பொய் சொல்றா"ன்னு சொல்லிட்டாங்க. அன்னிக்குத்தான் முதல் தடவையா ஒரு ஆள் என் வயித்துல கை வச்சுப் பார்த்தாங்க.

அவங்க சொல்லிக் கொடுத்ததை, எனக்குப் புரிஞ்ச மாதிரி உங்களுக்குச் சொல்றேன்.

நம்ம வயிறுன்னா வெறும் தோலும் கொழுப்பும் மட்டும் இல்லை. அதுல நாலு வகைத் தசை இருக்கு. நடுவுல, நெஞ்சுக்குழியில இருந்து கீழே அடிவயிறு வரைக்கும் நேரா ரெண்டு பட்டை இறங்குது. அது நேர்த்தசை. படுத்திருந்து தலையைத் தூக்கினா அதுதான் விறைக்கும். ரெண்டு பக்கமும் மூணு தசை ஒண்ணு மேல ஒண்ணா, பாய் மேல பாய் விரிச்ச மாதிரி இருக்கு. மேல இருக்கிறது வெளிச்சாய்வுத் தசை, சட்டைப்பையில கை விட்டா விரல் எப்படிச் சாய்ஞ்சு இறங்குமோ அந்தச் சாய்வுல இருக்கும். அதுக்கு அடியில உட்சாய்வுத் தசை, எதிர்ப்பக்கமா சாய்ஞ்சிருக்கும். எல்லாத்துக்கும் அடியில இருக்கிறதுதான் குறுக்குத் தசை. டாக்டருங்க ட்ரான்ஸ்வெர்சஸ் அப்டாமினிஸ்னு சொல்றாங்க. பேரு வாயில நுழையலைன்னா விட்டுடுங்க, அது எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும்.

அது எங்க பிடிச்சிருக்குன்னா, மேல கடைசி ஆறு விலா எலும்புகளோட உள்பக்கம். கீழே இடுப்பெலும்போட மேல்விளிம்பு. பின்னால முதுகெலும்போட சேர்ந்த ஒரு கெட்டியான உறை. அங்க இருந்து ரெண்டு பக்கமும் குறுக்கே ஓடி வந்து, முன்னால தொப்புளுக்கு நேரா மேலும் கீழும் போற நடுக்கோட்டுல சேருது. பிள்ளை பெத்தவளுக்குப் பழைய நூல் சேலையைக் கிழிச்சு வயித்தைச் சுத்திக் கட்டிவிடுவாங்களே நம்ம பாட்டிமார், அந்தக் கட்டு எப்படி இருக்குமோ அப்படியே இருக்கு. மூட்டை தூக்குற அண்ணன்மார் தூக்குறதுக்கு முன்னால துண்டை இடுப்புல வரிஞ்சு கட்டுவாங்க. நாம நாத்துக் கட்டைத் தூக்குறதுக்கு முன்னால முந்தானையை இழுத்துச் சொருகிக்கிறோம். வெளியில நாம கட்டுற கட்டை உடம்பு உள்ளேயே கட்டி வச்சிருக்கு.

இந்தத் தசை கையையோ காலையோ மடக்காது. இறுகுறதுதான் இதோட வேலை. இறுகினா வயிறு உள்ளே அமுங்கும், முதுகெலும்பைச் சுத்திப் பிடிமானம் வரும். இருமும்போது, மூச்சை அழுத்தி வெளியே விடும்போது, பிள்ளை பெறும்போது முக்கும்போது இதுவும் வேலை செய்யும்.

இது தனியாளா வேலை பார்க்கிறதும் இல்லை. நம்ம வீடுகள்ல முன்னால தானியம் போட்டு வைக்கிற குலுக்கை இருந்துச்சே, அதை நினைச்சுக்கோங்க. மேல மூடி மாதிரி உதரவிதானம், மூச்சு இழுக்க உதவுற தசை அது. அடித்தட்டு மாதிரி இடுப்புத் தளத் தசை, ஒண்ணுக்கு போற வழி, குழந்தை வர்ற வழி, வெளிக்குப் போற வழி மூணையும் தாங்கிப் பிடிக்கிறது. பின்னால முதுகெலும்பை ஒட்டி சின்னச் சின்னத் தசைகள். சுத்துச் சுவர்தான் இந்தக் குறுக்குத் தசை. சுவர் தளர்ந்தா அடித்தட்டு மேல பாரம் கூடும். அடித்தட்டும் தளர்ந்திருந்தா இருமும்போது கசியும். என்னோட ரெண்டு கஷ்டமும் ஒரே குலுக்கையில இருந்து வந்ததுன்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சது. ரெண்டு வருஷம் ஒண்ணை மட்டும் சொல்லி, இன்னொண்ணை மறைச்சு வச்சிருந்தேன்.

சரி, இது ஏன் தளருது? பத்து மாசம் பிள்ளை வளர வளர நடுக்கோடு இழுபட்டு அகலமாகுது, நேர்த்தசை ரெண்டும் ஒதுங்கிப் போகுது. பிள்ளை பெத்து சில வாரத்துல பெரும்பாலும் தானா சேர ஆரம்பிக்கும், சில பேருக்கு இடைவெளி நின்னு போகும். ஆபரேஷன்ல பிள்ளை எடுக்கும்போது நேர்த்தசையை அநேகமா வெட்டுறதில்லை, ரெண்டா ஒதுக்குறாங்க. ஆனா குறுக்குத் தசை வந்து சேர்ற கெட்டியான உறையை வெட்டித்தான் உள்ளே போகணும், அப்புறம் தைக்கிறாங்க. புண்ணு ஆறிடும். வலிக்குப் பயந்து வயித்தை அசைக்காமலே இருந்து பழகிடுறோம் பாருங்க, அது ஆறாது. தசையும் பிள்ளை மாதிரிதான், கூப்பிடாம விட்டா வர்றதை மறந்துடும்.

1996-ல ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்துல ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன்னு ரெண்டு பேர் இதைச் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. நிக்கிற ஆளைக் கையை மட்டும் தூக்கச் சொல்லி, எந்தத் தசை எப்ப வேலை செய்யுதுன்னு கருவி வச்சுப் பார்த்தாங்க. இடுப்பு வலி இல்லாதவங்களுக்கு, கை அசையுறதுக்கு முன்னாலயே குறுக்குத் தசை இறுகிடுது. வலி இருக்கிறவங்களுக்கு அது பிந்தி இறுகுது. விருந்தாளி வர்றதுக்கு முன்னால அடுப்பு பத்த வைக்கிறதுக்கும், வந்து உட்கார்ந்த பிறகு பத்த வைக்கிறதுக்கும் இருக்கிற வித்தியாசம்தான். குடத்தைத் தூக்குற அந்த நொடியில கட்டு இல்லைன்னா, பாரம் முதுகெலும்பு மேல அப்படியே இறங்குது.

ஒரு தசைக்குப் பலம் இருக்கா இல்லையான்னு கையால எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? இதுலயும் ஒரு பொம்பளை கதை இருக்கு. இளம்பிள்ளை வாதம், அதான் போலியோ, பிள்ளைங்களை முடக்கிப் போட்ட காலத்துல, அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல ராபர்ட் லோவெட்னு ஒரு டாக்டர் இருந்தார். அவர்கிட்ட வேலை பார்த்த வில்ஹெல்மின் ரைட்டுங்கிற அம்மா, ஒவ்வொரு தசையையும் கையால சோதிச்சு, எதுக்கு எவ்வளவு பலம் மிச்சமிருக்குன்னு பார்க்கிற முறையை 1912-ல எழுதி வெளியிட்டாங்க. அதுல இருந்து வளர்ந்து வந்ததுதான் இன்னிக்கு ஆஸ்பத்திரியில போடுற மார்க். சுழியத்துல இருந்து அஞ்சு வரைக்கும். அசைவே இல்லைன்னா 0. அசையாட்டியும் விரலுக்குத் துடிப்பு தெரிஞ்சா 1. பாரம் இல்லாம படுக்கை மட்டத்துல அசைச்சா 2. பூமி இழுக்கிறதை மீறித் தூக்கினா 3. நம்ம கை கொஞ்சம் அமுக்கினாலும் தாங்கினா 4. நல்லா அமுக்கியும் தாங்கினா 5. எங்க அத்தை கைக்கு முதல் நாள் 1 மார்க் போட்டாங்க. எனக்கு அழுகை வந்துச்சு. ஆனா அந்தம்மா, "1 இருக்குன்னா நரம்புல இருந்து தகவல் வருதுன்னு அர்த்தம், சந்தோஷப்படுங்க"ன்னாங்க.

குறுக்குத் தசைக்கு இந்த மார்க்கை அப்படியே போட முடியாது. ஏன்னா அது எலும்பைத் தூக்கிக் காட்டுறதில்லை. அதனால விரலை வச்சு, அடியில இறுகுறதை உணர்ந்துதான் பார்க்கணும். ஆஸ்பத்திரியில இன்னொரு வழியும் இருக்கு. பிரஷர் பார்க்கிற கருவி மாதிரி ஒரு காத்துப் பையை, குப்புறப் படுத்தவங்க வயித்துக்கு அடியில வச்சு 70 அளவுக்குக் காத்தடிப்பாங்க. வயித்தை மெதுவா உள்ளே இழுத்தா முள் 6-ல இருந்து 10 வரைக்கும் இறங்கணும், 10 நொடி அங்கேயே நிக்கணும். நமக்கு விரலே போதும்.

இப்ப எப்படிப் பார்க்கிறதுன்னு சொல்றேன். வீட்டுல போய்ப் பாருங்க. மாசமா இருக்கிறவங்க, ஆபரேஷன் பண்ணிப் புண்ணு ஆறாதவங்க டாக்டரைக் கேட்காம செய்ய வேண்டாம்.

பாய்ல மல்லாந்து படுத்து, ரெண்டு முழங்காலையும் மடக்கி, பாதத்தைத் தரையில ஊனிக்கோங்க. ஒண்ணுக்குப் போயிட்டு வந்து படுங்க. இடுப்புல முன்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் எலும்பு துருத்திக்கிட்டு இருக்கும், பாவாடை நாடா கட்டுற இடத்துக்குக் கொஞ்சம் கீழே. அந்த எலும்பு முனையில இருந்து ரெண்டு விரல் அளவு உள்பக்கமா, கொஞ்சம் கீழே தள்ளி, ரெண்டு கை விரல்நுனியையும் மெதுவா அமுக்கி வைங்க. மாவு பதம் பார்க்கிற மாதிரி. குத்த வேண்டாம்.

இப்ப சாதாரணமா மூச்சு விடுங்க. மூச்சை வெளியே விட்டுக்கிட்டே, தொப்புளுக்குக் கீழே இருக்கிற அடிவயித்தை மட்டும் மெதுவா முதுகுப் பக்கம் இழுங்க. ஒண்ணுக்கை அடக்குற மாதிரி அடியையும் லேசா மேல இழுத்தா சீக்கிரம் பிடிபடும். சரியா செஞ்சீங்கன்னா விரலுக்கு அடியில ஈரத் துணியை ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிச்ச மாதிரி மெதுவா ஒரு இறுக்கம் வரும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரணும். மூச்சு விடுறது நிக்கக் கூடாது. அப்படியே 10 எண்ணணும்.

தப்பு எப்படித் தெரியும்? விரலை வெளியே தள்ளிக்கிட்டு வயிறு உப்பினா தப்பு, அது மேல் தசை முந்திக்கிட்டு வருது. மூச்சைப் பிடிச்சு முகம் சிவந்தா தப்பு. விலா எலும்பு மேல ஏறினா, முதுகு தரையில அமுங்கினா அதுவும் தப்பு. வித்தியாசம் தெரியணும்னா ஒரு தடவை இருமிப் பாருங்க. விரலை முட்டித் தள்ளும். நமக்கு வேண்டியது அது இல்லை. சத்தமில்லாம இறுகுறதுதான் வேணும்.

அடுத்தது நடு இடைவெளி. அப்படியே படுத்து, ஒரு கை விரல்களைத் தொப்புளுக்கு மேல, நடுக்கோட்டுல குறுக்கா வச்சுக்கிட்டு, தலையையும் தோளையும் மட்டும் கொஞ்சம் தூக்குங்க. ரெண்டு பக்கமும் நேர்த்தசை விறைச்சு விரலை நெருக்கும். நடுவுல எத்தனை விரல் இறங்குதுன்னு பாருங்க. தொப்புள்ல, அதுக்கு மேல, அதுக்குக் கீழேன்னு மூணு இடத்துல பாருங்க. ரெண்டு விரலுக்கு மேல இறங்கினா, இல்லை நடுவுல முகடு மாதிரி புடைச்சா, பிசியோதெரபிஸ்ட்கிட்ட காட்டுங்க. எனக்கு மூணு விரல் இறங்குச்சு.

எனக்கு அந்தம்மா முதல்ல பார்த்தப்ப, குறுக்குத் தசை இறுகவே இல்லை. நான் மூச்சைப் பிடிச்சு வயித்தை உப்பிக்கிட்டு, "இப்ப வருதா?"ன்னு கேட்டேன். "இல்லைம்மா, நீங்க மூட்டையைத் தூக்குறீங்க, நான் நூலை இழுக்கச் சொன்னேன்"ன்னாங்க. தினமும் காலையிலயும் ராத்திரியும் 10 தடவை, ஒவ்வொரு தடவையும் 10 எண்ணுற வரைக்கும் முயற்சி பண்ணச் சொன்னாங்க. முதல்ல 3 எண்ணுறதுக்குள்ள விட்டுப் போகும். பிள்ளைங்க தூங்கின பிறகு, அத்தை கட்டிலுக்குக் கீழே பாய் போட்டு செய்வேன். மேல அத்தை விரலை மடக்க முயற்சி பண்ணுவாங்க, கீழே நான் வயித்தை இழுப்பேன். "வந்துச்சா"ன்னு அவங்க கேட்பாங்க. "இல்லை அத்தை, உங்களுக்கு?"ன்னு நான் கேட்பேன்.

மூணாவது வாரம் ஒரு ராத்திரி விரலுக்கு அடியில ஏதோ மெதுவா இறுகுச்சு. வயித்துல பிள்ளை முதல் தடவை அசையும்போது, இது அதுதானா, வேற எதுவுமான்னு ஒரு சந்தேகம் வருமே, அந்த மாதிரி இருந்துச்சு. திரும்ப இழுத்தேன், திரும்ப வந்துச்சு. அத்தையை எழுப்பி அவங்க நல்ல கையை எடுத்து என் வயித்துல வச்சேன். "ம்"னாங்க. அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

அதுக்கப்புறம் வயித்தை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே ஒரு குதிகாலைத் தரையில தேய்ச்சு நீட்டி மடக்கச் சொன்னாங்க. அப்புறம் உட்கார்ந்து, அப்புறம் நின்னு. கடைசியா வேலையோட சேர்த்தாங்க. குடம் தூக்குறதுக்கு முன்னால மூச்சை விட்டு, அடிவயித்தை இழுத்து, அப்புறம் தூக்கணும். குடத்தை உடம்போட ஒட்டி வச்சு, முழங்காலை மடக்கித் தூக்கணும். 15 லிட்டர் குடம்னா 15 கிலோ. ஒரு நாளைக்கு எத்தனை குடம்னு நீங்களே கணக்குப் போடுங்க, நம்ம வரவு செலவு நோட்டுல எழுதாத கணக்கு அது. தினமும் அரை மணி நேரம் நடக்கவும் சொன்னாங்க. மாசக்கணக்கா படுத்தே கிடந்தா இடுப்பு வலி கூடத்தான் செய்யும், நடமாட்டம்தான் மருந்துன்னாங்க.

கசியுறது ரெண்டாவது மாசத்துல குறைஞ்சது, நாலாவது மாசம் நின்னு போச்சு. வலி முழுசா போகலை. அதிகமா குனிஞ்சு வேலை பார்த்தா இன்னும் வரும். ஆனா இப்ப சுவரைப் பிடிக்காம எழுந்திருக்கேன். இந்த ஒரு தசை எல்லா இடுப்பு வலியையும் தீர்த்திடும்னு நான் சொல்ல மாட்டேன், அந்தம்மாவும் சொல்லலை. எந்தப் பயிற்சியா இருந்தாலும் விடாம செஞ்சாத்தான் பலன். எனக்கு இது பொருந்துச்சு.

நம்ம ஊர்ல எல்லாரும் சொல்ற ஒரு பேச்சைப் பத்தியும் சொல்லணும். "ஆபரேஷனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க, அன்னிக்குப் பிடிச்ச வலி"ன்னு சொல்லாத வீடு இல்லை. நானும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். வருஷக்கணக்கா நிக்கிற வலிக்கு அந்த ஊசி காரணம் இல்லைன்னுதான் ஆராய்ச்சி பண்ணினவங்க சொல்றாங்க. ஊசி மேல பழியைப் போட்டா நாம செய்யறதுக்கு ஒண்ணும் இல்லாம போயிடுது. தசைன்னு தெரிஞ்சா செய்யறதுக்கு வேலை இருக்கு.

நம்ம வேலையையும் கொஞ்சம் பார்ப்போம். பட்டாசு ஆபீஸ்ல சரம் பின்னுறவங்க, தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்குறவங்க, வீட்டுல காகிதக் குழாய் உருட்டுறவங்க எல்லாரும் காலையில உட்கார்ந்தா சாப்பாட்டு நேரத்துக்குத்தான் எழுந்திருக்கோம். எண்ணிக்கைக்குச் சம்பளம், எழுந்தா நஷ்டம். கூன் போட்டு உட்காரும்போது வயித்துத் தசை எல்லாம் தளர்ந்து தொங்குது, பாரம் பூரா முதுகுல. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நிமிர்ந்து நாலு எட்டு வைங்க. முடியலைன்னா உட்கார்ந்த இடத்துலயே நிமிர்ந்து, மூச்சை விட்டு, அடிவயித்தை அஞ்சு தடவை இழுங்க. கை வேலை நிக்காது, யாருக்கும் தெரியவும் தெரியாது. தரையோட தரையா உட்காராம ஒரு மணைப்பலகையோ, மடிச்ச சாக்கோ போட்டு உயரமா உட்கார்ந்தா இடுப்பு கொஞ்சம் நிமிரும்.

இப்ப முக்கியமான எச்சரிக்கை. சில இடுப்பு வலிக்குப் பயிற்சி செய்யக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். கால் பலமில்லாம தொய்ஞ்சு போனா, தொடையிடுக்கும் உட்காருற இடமும் மரத்துப் போனா, ஒண்ணுக்கு வராம அடைச்சாலோ, ஒண்ணுக்கும் வெளிக்கும் போறது தெரியாம போனாலோ அன்னிக்கே போகணும், மறுநாள்னு தள்ளக் கூடாது. காய்ச்சலோட வலி, காரணமில்லாம எடை குறையுறது, விழுந்த பிறகு வந்த வலி, ராத்திரி படுத்தாலும் குறையாத வலி இதுக்கெல்லாம் டாக்டர் பார்க்கணும். நாத்தத்தோட வெள்ளை படுறது, அடி இறங்கின மாதிரி கனமா இருக்கிறது, தொப்புள்ல புடைப்பு இதையும் மறைக்காதீங்க. விருதுநகர்ல 2022 ஜனவரியில அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாச்சு. மதுரைக்கு ஓட வேண்டிய பல வேலை பக்கத்துலயே முடியும்.

கடைசியா நம்ம கூட்டமைப்புகிட்ட மூணு கோரிக்கை வைக்கிறேன். தீர்மானமா போட்டா சந்தோஷப்படுவேன்.

ஒண்ணு, மாசக் கூட்டத்துல கடன் பேசி முடிச்ச பிறகு அரை மணி நேரம் ஒதுக்கி, மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது பிசியோதெரபிஸ்ட்டை அனுப்பச் சொல்லி வட்டார மருத்துவ அலுவலருக்கு மனு கொடுக்கணும். கூட்டத்துல விளக்கட்டும், கை வச்சுப் பார்க்கிறதைத் தனி அறையில, விருப்பப்பட்டவங்களுக்கு மட்டும் பார்க்கட்டும்.

ரெண்டு, பிள்ளை பெத்த உறுப்பினர் வீட்டுக்கு ஆறு வாரத்துக்குத் தண்ணிக் குடம் தூக்க ஆள் ஏற்பாடு. அந்தத் தெருவுல இருக்கிற குழு முறை போட்டு ஆளுக்கு ஒரு நாள் தூக்கலாம். இதுக்குப் பணம் வேண்டாம், மனசு இருந்தா போதும். டாக்டர் சரின்னு சொன்ன பிறகு அவங்களுக்குப் பயிற்சியை நாமளே சொல்லிக் கொடுக்கலாம்.

மூணு, நம்ம உள்கடன் நோட்டுல "மருத்துவம்"னு ஒரு காரணத்தைத் தைரியமா எழுத விடணும். எதுக்கு, எந்த இடத்துல வலின்னு குடைஞ்சு கேட்கக் கூடாது. அப்படி இருந்திருந்தா நான் இல்லாத ஆட்டுக்குப் புல்லு அறுத்திருக்க மாட்டேன்.

1989-ல தருமபுரியில மகளிர் குழு ஆரம்பிச்சப்ப, பொம்பளைக்குக் கணக்குத் தெரியுமான்னு கேட்டாங்க. கத்துக்கிட்டோம். வங்கிக்குப் போனோம், மேனேஜர் முன்னால உட்கார்ந்து பேசினோம். ஊர்க் கணக்கெல்லாம் தெரிஞ்ச நமக்கு நம்ம வயித்துல எத்தனை தசை இருக்குன்னு தெரியலை. இன்னிக்குத் தெரிஞ்சுக்கிட்டோம். வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவி முடிச்சுப் பாயைப் போடும்போது, ரெண்டு விரலை எடுத்து வச்சுப் பாருங்க. வரலைன்னா பயப்படாதீங்க, எனக்கும் மூணு வாரம் வரலை.

எங்க அத்தை இப்ப கம்பை ஊன்றி வாசல் வரைக்கும் நடக்கிறாங்க. நான் மறுபடி வேன்ல போறேன். இந்த மாசம் குழுவுல ஆட்டுக்கடன் கேட்டிருக்கேன். ஊக்குநர் அக்கா சிரிக்கிறாங்க. இந்தத் தடவை ஆட்டைக் கூட்டத்துக்கே ஓட்டிட்டு வந்து தூண்ல கட்டுறேன் அக்கா, நீங்களே எண்ணிப் பாருங்க.

நானும் இப்ப உங்களோட சேர்ந்து பயமில்லாம சிரிக்கிறேன்.